‘யாரைப் பார்க்க வந்தீர்கள்?’: கிளாஸ்கோ கச்சேரி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளாஸ்கோவில் லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தம் ஏதும் இல்லாத புது பேண்டுகளை மேடையேற்றும் அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களில் சிலருக்குத் தனியாக வந்து சேரும். தமிழிலும் எழுதுவது என் நண்பர்களுக்காக. ஸ்காட்லாந்து இண்டி ராக் என்றால் உயிரை விடுகிற தமிழ் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. பெரிய அரங்கில் அவர்கள் கேட்கிற பேண்டு அதற்கு முன் எந்தெந்த வாசலில் நின்றுவிட்டு வந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நான் வாத்தியம் எதுவும் வாசிப்பவன் இல்லை. பின்சீட்டை மடக்கினால் ஒரு டிரம்ஸ் செட்டும் கிடார் சத்தத்தைப் பெருக்குகிற இரண்டு ஆம்ப் பெட்டியும் உள்ளே போகிற அளவுக்கு ஒரு வண்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் நாலு பேர் பேண்டு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கிறாள். ரிகர்சல் அறையிலிருந்து பப்புக்கும், பப்பிலிருந்து வீட்டுக்கும் சாமான் ஏற்றி இறக்கப் போய், கொஞ்ச காலமாக உங்கள் கச்சேரிகளின் வாசலில் நிற்கிற ஆளாகிவிட்டேன். பேண்டின் பெயரை எழுதப்போவதில்லை. உங்கள் தயவு அவர்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது. உங்கள் பெயரையும் எழுதப்போவதில்லை. இது ஒருவர் இருவர் செய்கிற காரியம் என்றால் பெயரைச் சொல்லித் திட்டலாம். ஊர் வழக்கமாகிவிட்டதை அப்படித் திட்ட முடியாது.

அந்த வழக்கம் ஒரு தாளில் இருக்கிறது.

பெரும்பாலும் கீழ்த்தள அறையாக இருக்கும். படி இறங்கியதும் வாசலில் ஒரு சின்ன மேஜை. பணப்பெட்டி, கார்டு மெஷின், புறங்கையில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்தில், அன்று வாசிக்கும் நாலு பேண்டின் பெயரையும் நாலு பத்தியாக எழுதி வைத்த ஒரு தாள். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் 8 பவுண்டை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “யாரைப் பார்க்க வந்தீர்கள்?” பதில் சொன்னால் அந்த பேண்டின் பெயருக்குக் கீழே ஒரு கோடு. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. “எல்லாரையும்தான்” என்று யாராவது சொல்லிவிட்டால் மேஜையில் இருப்பவருக்குக் கை ஓடாது. ஒரு இரவு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நனைந்த கோட்டோடு இறங்கி வந்தார். மேலே பப்பில் உட்கார்ந்திருந்தாராம், கீழே சத்தம் நன்றாக இருந்ததாம், அதனால் வந்தாராம். எந்தப் பத்தியில் கோடு போடுவது என்று இரண்டு பேர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் அவருக்குக் கோடே போடவில்லை. 8 பவுண்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அன்று அந்த அறைக்கு வந்த ஒரே புது ரசிகர் அவர்தான்.

இரவு முடிந்ததும் அந்தத் தாளை வைத்துத்தான் கணக்கு. முதல் 25 கோட்டுக்கு பேண்டுக்கு ஒன்றும் கிடையாது. 26வது கோட்டிலிருந்து தலைக்கு 2 பவுண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேண்டுக்கு, அதாவது எங்கள் பிள்ளைகளுக்கு, ஒரு இரவு 31 கோடு. அவர்கள் பெயரைச் சொல்லி வாசலில் விழுந்த பணம் 248 பவுண்டு. அவர்கள் கைக்கு வந்தது 12, ஆளுக்கு 3. வண்டியை நிறுத்திய காசுகூடத் தேறவில்லை என்றால் பேராசை என்பீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். இதைவிட மோசமான ஏற்பாடும் உண்டு. டிக்கெட் கட்டை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவார்கள்; விற்காமல் போனதற்கும் பேண்டே பணம் கட்ட வேண்டும். வாசிக்கிறவர்களே காசு கொடுத்து வாசிக்கிற அந்த முறையை இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியன் பல காலமாக எதிர்த்து வருகிறது. கோடு போடுவது அதற்கே கொஞ்சம் மரியாதையான சட்டை போட்டுவிட்ட மாதிரிதான்.

சரி, பணத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். 12 பவுண்டுக்காக யாரும் இவ்வளவு நீளமாக எழுத மாட்டார்கள். என் புகார் இதுதான்: ஒரு பேண்டு தன் ஊரில் ரசிகர்களைச் சேர்க்கிற வழியை இந்தத் தாள் அடைத்துவிடுகிறது.

25 கோடு வேண்டும் என்றால் இருபது வயதுப் பிள்ளைகள் யாரிடம் போவார்கள்? அம்மா, அப்பா, அத்தை, கூடப் படித்தவர்கள், சூப்பர்மார்க்கெட்டில் அதே ஷிப்ட் பார்ப்பவர்கள், சண்டை போட்டுப் பிரிந்து இப்போது பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருக்கும் பழைய காதலி. முதல் கச்சேரிக்கு எல்லாரும் வருவார்கள். இரண்டாவதுக்குப் பாதி. மூன்றாவது தடவை வாட்ஸப் குழுவில் செய்தி போட்டால், எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று நீலம் காட்டும். ஒருத்தரும் பதில் போட மாட்டார்கள். மாதா மாதம் டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் பீருக்கும் செலவு செய்து, மருமகனின் அதே ஏழு பாட்டைக் கேட்க எந்த அத்தைக்கும் தெம்பு கிடையாது. தப்பும் சொல்ல முடியாது.

ஏர்ஷையர், லனார்க்ஷையர், வெஸ்ட் லோதியன் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற பேண்டுகளிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கிளாஸ்கோவில் கச்சேரி என்றதும் ஊரில் ஒரு பஸ் பிடிப்பார்கள். பாட்டும் குடியும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட பேண்டு என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசை. பஸ் நிறைய ஆள், தாள் நிறையக் கோடு, பாரிலும் நல்ல வியாபாரம். ஆறு வாரத்தில் மறுபடி கூப்பிடுவீர்கள். அப்போது மினிபஸ் வரும். அதற்கடுத்த தடவை இரண்டு கார். அப்புறம் அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்கு உங்களிடமிருந்து பதில் வராது. கேட்டால், அந்த பேண்டுக்கு இப்போதெல்லாம் கூட்டம் சேர்வதில்லை என்பீர்கள். இத்தனை இரவுகளிலும் அவர்கள் பாட்டை முன்பின் தெரியாத ஒரு பத்துப் பேர் கேட்கும்படி நீங்கள் என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று நான் கேட்டால் பதில் இருக்கிறதா?

ஏனென்றால் ரசிகர் வட்டம் என்பது அந்தப் பத்துப் பேரில்தான் தொடங்குகிறது. பேண்டில் இருப்பவர் யார் பிள்ளை என்று தெரியாதவர்கள். ஒரு பாட்டின் கோரஸ் மறுநாள் காலை வாயில் வந்து, யார் பாடினார்கள் என்று தேடிப் பார்க்கிறவர்கள். அடுத்த தடவை தாங்களாகவே இன்னொருவரை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள். சொந்தக்காரர்களின் அன்பு முதல் ஆறு மாதத்துக்குத் தாங்கும். அதற்குள் இந்தப் பத்துப் பேர் கிடைக்காவிட்டால் பேண்டு கலைந்துவிடும். பேஸ் வாசிக்கிறவர் வேலை கிடைத்து எடின்பரோ போய்விட்டார் என்பார்கள். உண்மையில் அவர் போனது சலித்துப் போய்த்தான்.

நீங்கள் பாதி இரவு வாசலிலேயே இருப்பதால், உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழரைக்கு முதல் பேண்டு. அதன் ஆட்கள் முன்வரிசையில் நின்று கத்துவார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கிடார் பெட்டி, பெண்டாட்டி, பிள்ளை, நண்பர்கள் எல்லாரும் ஒரே அலையாக வெளியே புகை பிடிக்கப் போவார்கள். போனவர்கள் அப்படியே வேறு பப்புக்குப் போய்விடுவார்கள். அடுத்த பேண்டின் கூட்டம் அதுவரை மேலே உட்கார்ந்திருந்துவிட்டு அப்போதுதான் இறங்கும். அதுவும் போகும். பத்தேகாலுக்குக் கடைசி பேண்டு ஏறும்போது, வெளியூர்க்காரர்கள் கடைசி ரயிலைப் பார்த்து ஓடியிருப்பார்கள். மீதி இருப்பது கிளாஸ் பொறுக்குகிற பெண், சவுண்ட் இன்ஜினியர், நான். உங்கள் தாளில் அன்று 100 கோடு இருக்கலாம். அந்த அறையில் ஒரே நேரத்தில் 40 தலைக்கு மேல் இருந்ததில்லை. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வாசலிலேயே கேட்டு, மீதி மூன்று பேண்டும் உங்களுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் என்று நீங்களே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறீர்கள். அப்புறம் அவர்கள் ஏன் நிற்பார்கள்?

நின்றாலும் சிக்கல். ஆள் கொண்டுவருவார்களா என்பது ஒன்றை மட்டும் பார்த்து நாலு பேரைச் சேர்த்திருப்பீர்கள். முதலில் காதைப் பிளக்கிற ஒரு மெட்டல் பேண்டு, அடுத்து அக்கூஸ்டிக் கிடாரோடு தனியாக ஒரு பெண், அதற்கடுத்து எங்கள் பிள்ளைகள், கடைசியில் வேறு யாருடைய பாட்டையோ பிரதியெடுத்துப் பாடுகிற குழு. அந்தப் பெண் அன்று பாடியது அபாரம். மெட்டல் ரசிகர்கள் பேச்சை நிறுத்தாததால் மூன்றாவது பாட்டிலேயே முடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இதெல்லாம் தெரியாத ஊரா இது? 2008ல் யுனெஸ்கோ ‘இசை நகரம்’ என்று பட்டம் கொடுத்த ஊர். செயின்ட் வின்சென்ட் ஸ்ட்ரீட்டில் கிங் டட்ஸ் வா வா ஹட் இருக்கிறது. 1990ல் தொடங்கிய, 300 பேர் கொள்கிற அறை. அதன் படிகளில் அங்கே வாசித்தவர்களின் பெயர்கள் வருட வாரியாக எழுதியிருக்கும். 1993 மே 31 அன்று, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓயாஸிஸ் பேண்டு அங்கே வாசித்ததையும், கிரியேஷன் ரெகார்ட்ஸ் லேபிளின் ஆலன் மெகீ அவர்களைக் கேட்டுவிட்டு அங்கேயே ஒப்பந்தம் தருகிறேன் என்றதையும், உங்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு புது பேண்டுக்கும் சொல்வீர்கள். யாருக்குத் தெரியும், உங்கள் கச்சேரிக்கும் ஒரு மெகீ வரலாம் என்பீர்கள். நல்ல கதைதான். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓயாஸிஸ் மான்செஸ்டர்க்காரர்கள். அன்றைய பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. பழக்கமான இன்னொரு பேண்டைத் தொற்றிக்கொண்டு வந்து, வாசித்தே தீருவோம் என்று நின்று இடம் வாங்கினார்கள். கூட வந்தவர்களை விட்டால் கிளாஸ்கோவில் அவர்களுக்கென்று ஆள் கிடையாது. மெகீ வந்தது தன் லேபிளில் இருந்த 18 வீலர் என்ற பேண்டைப் பார்க்க. உங்கள் மேஜை அன்று அங்கே இருந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டிருந்தால், மெகீயின் கோடு 18 வீலர் பத்தியில் விழுந்திருக்கும்!

அதைவிட எனக்குப் பிடித்த கதை உங்களில் ஒருவருடையது. தொண்ணூறுகளில் 13வது நோட் என்ற இடத்தில் கஸூ கிளப் என்று ஒரு கச்சேரி இரவை அலெக்ஸ் ஹன்ட்லி என்பவர் நடத்திவந்தார். இன்னும் பெயரெடுக்காத பேண்டுகளைக் கூப்பிட்டு மேடையேற்றுகிற அமைப்பாளர்; தானும் பல பேண்டுகளில் வாசித்தவர். அந்தக் காலத்தில் அந்த இடம் கிளாஸ்கோவில் ஒரு தலைமுறையே ஒன்றுகூடிய இடம். ஒருவர் பேண்டை இன்னொருவர் பார்க்க வருவதும், பார்த்தவர்கள் சேர்ந்து புது பேண்டு தொடங்குவதுமாக இருந்த இடம். அந்த ஹன்ட்லிதான் பிறகு அலெக்ஸ் கப்ரானோஸ் என்ற பெயரில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற பேண்டின் பாடகரானார். அந்த பேண்டும் ஆரம்பத்தில் தன் கச்சேரிகளைத் தானே நடத்திப் பார்த்தது. கிளைடு ஆற்றின் தென்கரையில் ஒரு காலிக் கிடங்கைப் பிடித்து, ‘ஷடோ’ என்று பெயர் வைத்து, கச்சேரியும் ஓவியக் கண்காட்சியும் பார்ட்டியுமாக நடத்தினார்கள். போலீஸ் வந்து நிறுத்தியது. அப்புறம் பழைய விக்டோரியா காலத்து நீதிமன்றமும் சிறையும் இருந்த கட்டடம் ஒன்றில் ரிகர்சலைத் தொடர்ந்தார்கள். 2003ல் டொமினோ லேபிளில் ஒப்பந்தம், 2004ல் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு. கிடங்குக்கு வந்தவர்கள், அங்கே ஏதோ நடக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். யாரைப் பார்க்க என்று கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

காதை வைத்துத் தேர்ந்தெடுத்த காலமும் இங்கே உண்டு. ஸ்காட்லாந்தில் நடந்துவந்த டி இன் த பார்க் என்ற இசை விழாவில் ஒப்பந்தம் இல்லாத ஸ்காட்லாந்து பேண்டுகளுக்கென்று டி பிரேக் என்று ஒரு மேடை வைத்திருந்தார்கள். டெமோ (மாதிரிப் பதிவு) அனுப்ப வேண்டும், நடுவர்கள் கேட்பார்கள், பிடித்தால் மேடை. 2000ல் அந்த மேடையில் ஏறியது கில்மார்னக்கின் மூன்று பையன்கள், பிஃபி கிளைரோ. அங்கே பார்த்த பெகர்ஸ் பான்க்வெட் லேபிள்காரர்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரிட்டனில் அவர்களுடைய ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது 2013ல். பேண்டு தொடங்கியதிலிருந்து கிட்டத்தட்ட 18 வருடம். நடுவில் எத்தனை சின்ன அறைகளில் வாசித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த அறைகளில் ஒவ்வொன்றுக்கும் கில்மார்னக்கிலிருந்து பஸ் வந்திருக்க முடியுமா?

டண்டீயின் டிரைபர்க் பகுதியிலிருந்து வந்த தி வியூவின் முதல் ஆல்பம் 2007 ஜனவரியில் நேரே முதலிடத்தில் வந்து இறங்கியது. அவர்கள் கச்சேரிகளில் கூட்டம் சேர்ந்து கத்துகிற ‘தி வியூ ஆர் ஆன் ஃபயர்’ என்ற கோஷம் பேண்டையே மிஞ்சிப் புகழ் பெற்றது. அது கூட்டம் தானாகப் பிடித்துக்கொண்டது. கோஷம் போடுகிற கூட்டம் உருவாக வேண்டுமென்றால், அந்தக் கூட்டம் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுகிற அறையில் கோஷம் பிறக்காது.

கிளாஸ்கோவின் காஸில்மில்க் பகுதிக்காரர் ஜெரி சின்னமன் பேண்டு இல்லை, தனி ஆள். இருந்தாலும் இந்தப் பேச்சில் அவரை விட்டுவிட முடியாது. பெரிய லேபிள் எதிலும் சேராமல், 2020ல் ஆல்பத்தை முதலிடத்துக்குக் கொண்டுபோய், 2022 ஜூலையில் ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானத்தில் இரண்டு நாள் வாசித்தவர். அதற்கெல்லாம் முன்னால் கிளாஸ்கோவில் ஓப்பன் மைக் இரவு நடத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாடட்டும் என்று மேடையைத் திறந்துவிட்டு நடுவில் தானும் பாடுகிற வேலை. அங்கே வந்தவர்கள் நண்பர்களிடம் சொன்னார்கள், அந்த நண்பர்கள் வந்து பாட்டை மனப்பாடம் செய்தார்கள். அப்படியே வளர்ந்தது.

உங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அறை வாடகை, சவுண்ட் இன்ஜினியர், வாசலில் ஒரு ஆள், பாட்டுக்கான உரிமக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். அறை வைத்திருப்பவர்களும் செழித்துக் கிடக்கவில்லை. சின்ன அரங்குகளுக்காகப் பாடுபடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்கில் 2023ல் மட்டும் பிரிட்டனில் 125 சின்ன அரங்குகள் மூடின அல்லது கச்சேரியை நிறுத்திவிட்டன. 2024ல் 43.8 சதவீத அரங்குகள் நஷ்டத்தில் ஓடின. சராசரி லாபம் 0.48 சதவீதம். கிளாஸ்கோவின் ஹைட்ரோ மாதிரி பதினாலாயிரம் பேர் உட்காருகிற அரங்குகளின் டிக்கெட்டில் ஒரு பங்கு எடுத்துச் சின்ன அரங்குகளுக்குத் தர வேண்டும் என்று 2024ல் நாடாளுமன்றக் குழுவே சொன்னது. விருப்பப்பட்டவர்கள் தரலாம் என்ற அளவில் அது நிற்கிறது. அது முழுதாக வர வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. கையெழுத்து வேண்டுமென்றால் போடுகிறேன்.

ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் நஷ்டம் வருமோ என்ற உங்கள் பயத்தை, வாரம் 16 மணி நேரம் கடையில் நிற்கிற 19 வயதுப் பிள்ளையிடம் தள்ளிவிடுவது அதற்கு மருந்தாகாது. உங்களில் ஒருவர் ஒருமுறை என்னிடம், “கோடு போடாவிட்டால் பேண்டுகள் ஒரு போஸ்டர்கூட ஒட்ட மாட்டார்கள்” என்றார். அதில் உண்மை உண்டு. தன் கச்சேரியைப் பற்றித் தன் தங்கையிடம்கூடச் சொல்லாத பேண்டுகளை நானே பார்த்திருக்கிறேன். தங்கள் அரை மணி முடிந்ததும் மற்றவர்களைக் கேட்காமல் கிளம்பிப் போகிற பேண்டுகளையும் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் பாட்டுக்கு நிற்காதவர்களுக்குத் தன் பாட்டுக்கு யாரும் நிற்கவில்லை என்று குறைப்பட உரிமை இல்லை. எங்கள் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லியாயிற்று. அவர்கள் இப்போது கடைசி வரை நிற்கிறார்கள், கொட்டாவி விட்டுக்கொண்டாவது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. வாசலில் கேள்வி வேண்டாம். டிக்கெட் காசில் உங்கள் செலவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள். மீதி இருந்தால் வாசித்தவர்களுக்குச் சமமாகப் பிரித்துக்கொடுங்கள். மீதி இல்லாவிட்டால் இல்லை. சமமாகப் பங்கு என்றதும் என்ன நடக்கும் தெரியுமா? மற்ற பேண்டுக்கு வருகிற ஆளும் தன் ஆள் என்று ஆகிவிடும். நாலு பேண்டும் நாலு போஸ்டர் ஒட்டுவதற்குப் பதில் சேர்ந்து ஒன்றை அடிப்பார்கள். ஒருவர் டிரம்ஸை மற்றவர் பயன்படுத்திக்கொள்வார்கள். எனக்கும் இடுப்பு வலி குறையும்.

கூட்டத்தை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், வேறு நேரத்தில் எண்ணுங்கள். கடைசி பேண்டின் மூன்றாவது பாட்டு ஓடும்போது வாசலை விட்டு உள்ளே வந்து, எத்தனை தலை நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் இரவு நன்றாக நடந்ததா என்று முடிவு செய்யுங்கள். அது ஏற வேண்டுமானால் நீங்கள் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பாருங்கள்: நாலு பேண்டு மூன்றாகக் குறையும், ஒருவர் ரசிகருக்கு மற்றவர் பாட்டும் பிடிக்கிற மாதிரி சேர்ப்பீர்கள், யார் எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே போடுவீர்கள், கடைசி ரயிலுக்கு முன்னால் முடிப்பீர்கள். டெமோவைக் கேட்காமல் அழைப்பு அனுப்ப மாட்டீர்கள். இதைத்தானே அமைப்பாளர் வேலை என்கிறோம்?

இதை ஏற்கனவே செய்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒரே தட்டில் வைத்ததாக அவர்கள் எண்ண வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே கிழமை, அதே அறை, குறைந்த டிக்கெட், யார் வாசித்தாலும் போகலாம் என்று நம்பி வருகிற முப்பது நாற்பது பேர். அப்படி ஒரு இரவுக்கு நான் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் அன்று ஒருத்தரும் வரவில்லை. அழைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது பாட்டில் மைக் ஸ்டாண்டு தளர்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்க, பாடுகிற பையன் அதோடு சேர்ந்து குனிந்துகொண்டே பாடினான். முன்னால் நின்ற ஒரு பெண் மேடைக்குக் கையை நீட்டி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கோரஸ் முடியும்வரை நின்றாள். யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கச்சேரி முடிந்ததும் வந்து, கேசட் இருக்கிறதா என்று கேட்டாள். அப்போது இல்லை. அடுத்த வாரமே 50 கேசட் போட்டார்கள். அதில் ஒன்றை அவள் அடுத்த கச்சேரியில் வாங்கினாள், கூட இரண்டு பேரை அழைத்து வந்திருந்தாள்.

இன்னொன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கச்சேரிகளில் பாதிக்கு மேல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும். மது உரிமத்தில் எந்த வயதினரை எந்த நிபந்தனையில் உள்ளே விடலாம் என்று அறைக்காரர்கள் எழுதிக் கேட்க வழி இருக்கிறது. சிலர் 14 வயதிலிருந்து விடுகிறார்கள். கிடார் பாட்டுக்காக மழையில் வரிசையில் நிற்கிற வயது 16. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு தாளில் அத்தைகளுக்குப் போட்ட கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு விளங்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை போதும்.

கடைசியாக நடப்பு விஷயம். மார்ச் மாதத்துக்கு உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நாலு பேண்டு, 30 கோடு கட்டாயம், 31வதிலிருந்து பணம். நன்றி சொல்லி அவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை மட்டும் நான் பார்த்தேன். அவர்கள் கேட்டிருப்பது இது: அதே தேதி, அதே அறை, மூன்று பேண்டு. ஒன்று அவர்கள். இன்னொன்று, போன இலையுதிர்காலத்தில் அவர்கள் பழகிய ஒரு டண்டீ பேண்டு. அந்த டண்டீ பேண்டு ஏப்ரலில் தங்கள் ஊரில் இவர்களுக்கு மேடை தர ஒத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, மெட்டல்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டை நிறுத்திய அந்தப் பெண். இந்த முறை அவள் நடுவில் பாட வேண்டும். செலவு உங்களுக்கு முதலில், மீதி மூன்று பங்கு, கடைசிப் பாட்டு பத்தரைக்குள். போஸ்டர் அவர்கள் அடிப்பார்கள், மோனோரெயில் ரெகார்ட் கடையில் தொடங்கித் தெரிந்த காபிக் கடைகள் வரை அவர்களே கேட்டு ஒட்டுவார்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள். பப் ஒன்றின் மாடி அறையை அவர்களே வாடகைக்குக் கேட்டு வைத்திருக்கிறார்கள், முன்பணம் கட்ட வேண்டும். ஒத்துக்கொண்டால் சவுண்ட் செக் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னாலேயே தெரிவியுங்கள். நான் வேலையிலிருந்து ஐந்தரைக்குத்தான் கிளம்ப முடியும், டிரம்ஸ் என் வண்டியில் இருக்கும்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவின் தென்பகுதியிலிருந்து,
சாமான் ஏற்றுகிறவன்